நுரைக்குள் அடைபட்ட காற்று

தில்லி, நாக்பூர் போன்ற ஊர்களில் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம், ராத்திரி பதினொரு மணிக்கும் அனலைக் கக்கும். கான்கிரீட் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். அசையாத காற்று மிகக் குறைவாகவே கடத்தும். நம் பக்கத்துப் பழைய மாடிகளில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே சுண்ணாம்புத் தளம் போட்டார்களே, அது காற்றைச் சிறைப்பிடிக்கும் உபாயம்தான்.

நுரைக்கல்லின் தத்துவமும் இதுவே. 1920களில் சுவீடனில் யோஹான் ஆக்சல் எரிக்சன் என்பவர் கண்ட முறை இது. சுண்ணாம்பு, சிமெண்ட், மணல் சேர்ந்த கூழில் துளி அலுமினியப் பொடி போட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். இட்லி மாவு மாதிரி கூழ் பொங்கும். பிறகு அதை அழுத்த நீராவியில் சுமார் 180 டிகிரியில் பல மணி நேரம் வேக வைப்பார்கள். இதுதான் கடைகளில் ‘ஏஏசி’ என்று விற்கும் கல். நம் நாட்டில் மணலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கிறார்கள். செங்கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,800 கிலோ. இது 550 முதல் 650 கிலோ. வெப்பம் கடத்துவதும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். கனத்தைத் தூக்கிப் பார்த்துச் சரக்கை மதிக்கும் எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இது புதுப் பாடம்! சுவர் பாரம் குறைந்தால் தூண், உத்திரம், இரும்பு எல்லாமே குறையும்.

உலகின் கரியமில வாயுவில் சுமார் 7 சதவீதம் சிமெண்டால் வருகிறது. ஆகவே சிமெண்டே இல்லாமல் சாம்பலைக் காரத்தால் இறுகச் செய்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் நுரைக்க வைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தக் காரத்தைத் தயாரிக்கவும் எரிபொருள் செலவாகும். குமிழி கூடினால் பலம் குறையும். எனவே பாரம் தாங்க இது உதவாது. தளத்தின் மேல் பரப்ப உதவும்.

பிளாஸ்டிக் நுரை இதைவிடப் பல மடங்கு வெப்பம் தடுக்கும். ஆனால் அது எரியும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 உயிர்கள் போயின. வெளிச்சுவரில் பதித்த பாலிஎத்திலீன் தகடுகளே தீ பரவ முக்கியக் காரணம். பிளாஸ்டிக் நுரையும் அதில் சேர்ந்து எரிந்தது. மேலும், நுரைக்க உதவிய எச்சிஎஃப்சி-141பி வாயு ஓசோனைக் கெடுப்பதால், இந்தியா 2020 ஜனவரி முதல் அதை நிறுத்தியது.

வீடு கட்டும் அன்பர்களே, மூன்று விஷயம் கேளுங்கள்: அடர்த்தி என்ன, தீப்பிடிக்குமா, ஈரம் புகாமல் பூச்சு உண்டா? தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். நனைந்த நுரையால் பயன் இல்லை. தளத்துக்கு மேலேயே பரப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் கான்கிரீட்டுக்குள் சூடு இறங்காது.