ஜன்னல் புதுசு, சான்றிதழ் எங்கே?

லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ வீட்டை விற்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில், 2002 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஜன்னல் மாற்றியதுண்டா என்று கேட்கப்படுகிறது. ஆமாம் என்றால், வாங்குபவரின் சொலிசிட்டர் சான்றிதழ் கேட்பார். ஜன்னல் போட்டவரோ ரொக்கத்தை எண்ணி வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்.

சூடேற்றும் செலவைக் குறைக்க டபுள் கிளேசிங் போடுவது நல்லதுதான். ஆனால் இங்கிலாந்தில் அது கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலை. 2022 ஜூன் முதல் மாற்று ஜன்னலின் யு-மதிப்பு, அதாவது வெப்பம் வெளியேறும் அளவு, 1.4-ஐத் தாண்டக் கூடாது. இல்லையேல் ஆற்றல் தரம் 'பி'யாவது இருக்க வேண்டும்.

வழி இரண்டு. ஃபென்சா, செர்டாஸ் போன்ற அமைப்புகளில் பதிவுபெற்றவர் வேலை செய்தால் கவுன்சிலுக்குத் தகவல் போகும், வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் வரும். பதிவில்லாதவர் என்றால், வேலைக்கு முன்பே கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலில் விண்ணப்பித்து, முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வேனில் ஒட்டிய சின்னம் சான்று ஆகாது. அந்த அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே முன்பணம்.

முன்பணம் கிரெடிட் கார்டில் போகட்டும். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். '14 நாளில் ரத்து செய்யலாம்' என்ற பேச்சை நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்து. அளவெடுத்துச் செய்யும் பொருளுக்கு அந்த உரிமை கிடைக்காமல் போகலாம்.

லீஸ்ஹோல்டு ஃபிளாட்டில் ஜன்னல் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டருடையது. எழுத்தில் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடத்தில் ஒப்புதலின்றி மாற்றுவது குற்றம்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் வழங்கிய அமைப்பிடமே கட்டணம் கட்டி நகல் பெறலாம். ஆரம்பத்திலேயே இல்லையென்றால், கவுன்சிலில் 'ரெகுலரைசேஷன்' விண்ணப்பம். அதிகாரி வந்து பார்ப்பார், குறையிருந்தால் திருத்தச் சொல்வார். அல்லது, சான்றிதழ் இல்லாததால் பின்னாளில் வரக்கூடிய செலவை ஈடுகட்டும் இன்டெம்னிட்டி காப்பீடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பதறிப்போய்க் கவுன்சிலுக்குப் போன் செய்துவிட்டால், அதன்பின் காப்பீட்டாளர் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார். முதல் போன் சொந்த சொலிசிட்டருக்குத்தான். கவுன்சிலுக்கு அல்ல.

இரு கண்ணாடிக்கு நடுவே பனிமூட்டம் தட்டியதென்று முழு ஜன்னலையும் பெயர்க்கச் சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. ஜன்னலின் ஃபிரேம் சரியாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். அதற்குச் சான்றிதழும் தேவையில்லை.