நெட்வொர்க் கார்டுக்கும் ஸ்விட்சுக்கும் இணைப்பு ஏற்படாதபோது காரணம் காணும் முறை

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்குக் கட்டடங்களுக்குள் மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை ஈதர்நெட் என்பதாகும். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் இதனை வகுத்தனர். இம்முறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் கார்டு என்னும் உறுப்பு அமைந்திருக்கும். அதிலிருந்து செல்லும் கேபிள், ஸ்விட்ச் என்னும் பெட்டியில் சென்று முடியும். ஓர் அறையிலுள்ள கேபிள்கள் எல்லாம் ஸ்விட்சில் வந்து கூடுகின்றன. எந்தச் செய்தி எந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதோ, அதனை அவ்வழியே அனுப்புவது ஸ்விட்சின் தொழில்.

நம் நாட்டில் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பு பல பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இடம் பெற்றுள்ளது. கேரள அரசுப் பள்ளிகளில் இது பல ஆண்டுகளாக உபயோகத்தில் உள்ளது. சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் பெயரில் ஓர் இந்திய லினக்ஸ் பதிப்பையும் உருவாக்கியுள்ளது. இத்தகைய இடங்களில் இணைப்பு அற்றுப்போகுமாயின், பெரும்பாலும் பழி கார்டின்மீதே விழுகிறது. நல்ல கார்டு கழற்றப்பட்டுப் புதியது பொருத்தப்படுகிறது. புதியதும் அவ்வாறே வாளாவிருக்கிறது. இதற்கிடையில் பொருளும் வீணாகிறது, வகுப்பும் நின்றுபோகிறது. முறையாகச் சோதித்தால் அரை மணி நேரத்திற்குள் காரணத்தைக் கண்டுகொள்வது பெரும்பாலும் இயலும்.

இணைப்பு என்பது ஓர் உடன்பாடு

கேபிளைச் செருகியவுடன் இணைப்பு தானே ஏற்பட்டுவிடுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அந்தச் சில விநாடிகளில் கார்டும் ஸ்விட்சும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றன. 10, 100, 1000 மெகாபிட் ஆகிய வேகங்களுள் தன்னால் இயன்றவை எவை, ஒரே சமயத்தில் அனுப்பவும் பெறவும் தனக்கு இயலுமா என்பனவற்றை ஒவ்வொன்றும் நுண்ணிய மின்துடிப்புகளின் தொகுதிகளாக வெளியிடுகிறது. இத்தொகுதிகள் ஏறத்தாழ 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை அனுப்பப்படுகின்றன. இரண்டிற்கும் பொதுவானவற்றுள் சிறந்ததே தேர்ந்துகொள்ளப்படுகிறது. 1995-ஆம் ஆண்டில் 100 மெகாபிட் வேகத்துக்கான தரநிர்ணயத்துடன் வந்த இவ்வேற்பாட்டிற்குத் தன்னியக்கப் பேச்சு எனப் பெயரிடலாம். இணைப்பு ஏற்படவில்லை என்றால் இவ்வுடன்பாடு எங்கோ தடைப்பட்டது என்பதே பொருள். எந்தப் படியில் தடைப்பட்டது என்பதைக் கீழிருந்து மேலாக ஆராய்வதே சரியான முறை.

முதற்படி: விளக்கும் கேபிளும்

கார்டின் துளையருகிலும் ஸ்விட்சின் துளையருகிலும் சிறு விளக்குகள் உள்ளன. சோதிப்பவர் கட்டளை எதனையும் தட்டுவதற்கு முன்னர் இவற்றை நோக்குதல் வேண்டும். இரு முனைகளிலும் விளக்கு எரியுமாயின் உடன்பாடு முடிந்துவிட்டது; பழுது மேற்படியில் உள்ளது. இரண்டும் அணைந்திருப்பின் கேபிள், துளை, கார்டு ஆகிய மூன்றில் ஒன்று ஐயத்திற்குரியது.

அடுத்துச் செய்யவேண்டியது மாற்றிப் பொருத்துதல். நன்றாக இயங்கும் பக்கத்துக் கம்ப்யூட்டரின் கேபிளை எடுத்து இக்கார்டில் செருக வேண்டும். இணைப்பு ஏற்பட்டால் கார்டு குற்றமற்றது. பின்னர்ப் பழைய கேபிளை அதே ஸ்விட்சின் வேறொரு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பொருளையே மாற்றுதல் வேண்டும் என்பது இங்கு முக்கியமான விதி. கேபிளையும் துளையையும் ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கலாம்; ஆனால் எது பழுது என்பது தெரியாமற் போகும்.

நம் நாட்டு நிலைமைகளில் கேபிளுக்கு நேரும் கேடுகள் பல. எலி கடித்தல், மேசைக் காலின் கீழ் நசுங்குதல், பிளக்கின் பூட்டு நாக்கு உடைந்து தளர்தல் ஆகியவை சாதாரணமானவை. இடி மின்னலுக்குப் பின் ஸ்விட்சின் சில துளைகள் மட்டும் செயலற்றுப் போவதும் உண்டு. மலிவு விலையில் விற்கப்படும் சில கேபிள்களில் தூய செம்புக்குப் பதிலாக, செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். அதன் மின்தடை அதிகம். வளைத்தால் எளிதில் முறியும். நல்ல கேபிளாயினும் ஸ்விட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே மொத்த நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

இரண்டாம் படி: லினக்ஸ் கார்டை அறிந்துள்ளதா?

கேபிள் நன்றாக இருந்தும் விளக்கு எரியாவிடில், இயக்க அமைப்பு கார்டை அறிந்துள்ளதா எனக் காண வேண்டும். ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளையை ‘கே’ என்ற குறியுடன் இட்டால், கம்ப்யூட்டரில் பொருத்தப்பட்டுள்ள கார்டுகளின் பெயர்களும், ஒவ்வொன்றையும் இயக்கும் டிரைவரின் பெயரும் திரையில் தோன்றும். கார்டின் பெயரே இல்லையெனில், அது சரியாகப் பொருந்தவில்லை, அல்லது தாய்ப்பலகையின் அடிப்படை அமைப்பில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கெட்டுவிட்டது எனலாம். பெயர் இருந்து டிரைவர் வரி இல்லையெனில், பழுது மென்பொருளைச் சார்ந்தது. ‘டிமெஸேஜ்’ என்னும் கட்டளை கெர்னலின் குறிப்புகளைக் காட்டும். கார்டுக்குரிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற குறிப்பு அதில் இருப்பின், அக்கோப்பை நிறுவிய பின் சோதனையைத் தொடர வேண்டும்.

கார்டு அறியப்பட்டிருந்தால், ‘ஐபி லிங்க்’ என்னும் கட்டளை அதன் நிலையைத் தெரிவிக்கும். கார்டு நிர்வாக முறையில் மூடப்பட்டிருந்தால் ‘டவுன்’ என்ற சொல் மட்டும் தோன்றும். அதனைத் திறக்க வேண்டும். திறந்த பின்னரும் ‘நோ கேரியர்’ என்ற சொல் தோன்றினால், கார்டு விழிப்புடன் இருக்கிறது, ஆனால் எதிர்முனையிலிருந்து அதற்கு ஒலி வரவில்லை என்பது பொருள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வீண் அலைச்சல் நேர்கிறது.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. முன்னர்க் கார்டுகள் ‘ஈத்0’, ‘ஈத்1’ என அழைக்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டுக்குப் பின் பல லினக்ஸ் பதிப்புகளில், கார்டு பொருந்தியுள்ள இடத்தைக் காட்டும் ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்கள் வழக்கிற்கு வந்தன. கார்டை வேறு துளைக்கு மாற்றினால் பெயரும் மாறக்கூடும். பழைய பெயருக்கு எழுதப்பட்ட அமைப்பு புதிய பெயருக்குப் பொருந்தாது. புதிய கார்டும் பேசவில்லை என்ற முறையீட்டிற்குச் சில இடங்களில் இதுவே காரணம்.

மூன்றாம் படி: உடன்பாட்டை நோக்குதல்

உடன்பாட்டின் விவரத்தைக் காண ‘ஈத்டூல்’ என்னும் கருவி உண்டு. கார்டின் பெயருடன் இதனை இயக்கினால், கார்டு எந்தெந்த வேகங்களை அறிவிக்கிறது, எதிர்முனை எவற்றை அறிவித்தது, முடிவான வேகம் எவ்வளவு, இணைப்பு உண்டா இல்லையா என்பன வரிசையாகத் தோன்றும்.

இங்கு ஒரு வியப்பான பழுதை விளக்குதல் பொருந்தும். ஈதர்நெட் கேபிளில் 8 கம்பிகள் 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. 10, 100 மெகாபிட் வேகங்களுக்கு இரு ஜோடிகளே போதும். அவை பிளக்கின் 1, 2 மற்றும் 3, 6 ஆகிய முனைகளில் சேர்கின்றன. 1000 மெகாபிட் வேகத்துக்கோ நான்கு ஜோடிகளும் தேவை. ஆனால் தன்னியக்கப் பேச்சு நடைபெறுவது முற்கூறிய இரு ஜோடிகளின் வழியாகவே. ஆகையால் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருந்தாலும் இரு முனைகளும் தடையின்றிப் பேசி, 1000 மெகாபிட்டுக்கு இசைந்துவிடுகின்றன, அவ்வேகத்தில் செயற்படத் தொடங்கியவுடன் தோல்வியுறுகின்றன, மீண்டும் பேசுகின்றன. விளக்கு எரிந்து எரிந்து அணைவது இதன் அறிகுறி. அதே கேபிள் 100 மெகாபிட் மட்டும் உள்ள பழைய ஸ்விட்சில் குறையின்றி இயங்கும். எனவே புதிய ஸ்விட்ச் வாங்கிய அன்று பழைய கேபிளின் குறை வெளிப்படுகிறது. குற்றம் கார்டின்மீதோ ஸ்விட்சின்மீதோ சுமத்தப்படுகிறது.

சில கார்டுகள் இத்தகைய நிலையில் தாமே 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். அப்போது சில டிரைவர்களில், வேகம் குறைந்துவிட்டது, கேபிளைச் சோதிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை கெர்னலின் குறிப்புகளிலேயே பதிவாகிறது. 2020-ஆம் ஆண்டு முதல் கேபிளைச் சோதிக்கும் வசதியும் ஈத்டூலுடன் சேர்ந்துள்ளது. எந்த ஜோடி அறுந்துள்ளது, ஏறத்தாழ எத்தனை மீட்டர் தொலைவில் என்பதை இது கூறும். எல்லாக் கார்டுகளும் இதற்கு இடந்தருவதில்லை.

பிளக் பொருத்துவோர் கம்பிகளின் வரிசையைப் பிறழவிடலாகாது. வழக்கிலுள்ள வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்பதாகும். ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து வைத்துப் பிளக் பொருத்தினால், 3, 6 ஆகிய முனைகள் இருவேறு ஜோடிகளைச் சேர்ந்தவையாகிவிடும். விளக்கு எரியும் எளிய சோதனைப் பெட்டி இக்கேபிளையும் நல்லது என்றே காட்டும். ஏனெனில் அது கம்பியின் தொடர்ச்சியை மட்டும் அறியும், முறுக்கின் பயனை அறியாது. நீளம் மிகுந்தால் ஒரு ஜோடியின் குறிகள் மற்றொன்றில் கலந்து இணைப்பு கெடுகிறது.

ஒருபுறம் மட்டும் கட்டாயப்படுத்துதல்

இணைப்பு வராதபோது ஈத்டூலைக் கொண்டு தன்னியக்கப் பேச்சை நிறுத்தி, வேகத்தைக் கையால் அமைப்பது பலரின் வழக்கம். இது தீங்கு விளைவிக்கக்கூடியது. ஒரு முனை பேச மறுத்துவிட்டால், எதிர்முனை வரும் குறிகளைக் கொண்டு வேகத்தை அறியலாம். இருவழிப் போக்குவரத்துக்கு இடமுண்டா என்பதை அறிய இயலாது. எனவே அது விதிப்படி ஒருவழிப் போக்குவரத்தை மேற்கொள்கிறது. ஒரு முனை ஒரே சமயத்தில் அனுப்பியும் பெற்றும் கொண்டிருக்க, மற்றது முறை வைத்துப் பேசுகிறது. விளக்கு எரிகிறது, சிறு செய்திகள் போகின்றன, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் நத்தை வேகத்தில் ஊர்கிறது. ‘ஈத்டூல்’ கருவியை ‘எஸ்’ என்ற பெரிய எழுத்துக் குறியுடன் இயக்கிப் பிழைகளின் எண்ணிக்கையை நோக்கினால், ஒருவழி முனையில் காலந்தாழ்ந்த மோதல்களும், இருவழி முனையில் சிதைந்த செய்திகளும் பெருகுவது தெரியும். செம்புக் கேபிளில் 1000 மெகாபிட் வேகத்துக்குத் தன்னியக்கப் பேச்சு கட்டாயமானது; ஆகவே அவ்வேகத்தைப் பேச்சின்றி அமைக்க முயலுதல் பயனற்றது.

சோதனைக்காக வேகத்தைக் குறைக்க வேண்டுமாயின், பேச்சை நிறுத்தாமல், கார்டு அறிவிக்கும் வேகங்களை மட்டும் 100 மெகாபிட்டாகச் சுருக்குதல் நன்று. இவ்வாறு செய்தபின் இணைப்பு நிலைத்து நின்றால், ஏனைய இரு ஜோடிகளில் குறை இருக்கலாம் எனக் கருதி, கேபிளை மாற்றிப் பார்க்கலாம். கம்ப்யூட்டரை மறுபடி இயக்கும்போது இவ்வமைப்பு நீங்கிவிடும்.

விளக்கு எரிந்தும் செய்தி செல்லாவிடில்

இரு முனைகளிலும் விளக்கு நிலையாக எரிந்தும் செய்தி செல்லாவிடில், ஸ்விட்சின் அமைப்பையும் முகவரியையும் நோக்க வேண்டும். நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சுகளில் ஒரு துளை வேறொரு பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். அறியாத கார்டு என்று கருதி அதன் செய்திகளை ஸ்விட்ச் தடுத்திருக்கலாம். பழைய முறைப்படி, செய்தி சுழன்று சுழன்று வருவதைத் தடுக்கும் பொருட்டு, ஸ்விட்ச் ஒரு துளையைத் திறப்பதற்கு 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் முகவரி கேட்டுச் சலித்துவிடலாம். கார்டுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி அமைந்திருப்பின், முகவரி வழங்கும் நிலையத்திடமிருந்து பதில் கிட்டவில்லை என அறியலாம். சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கச் செய்வதே முதற்பரிகாரம்.

ஆசிரியர்களுக்கு

இப்பொருளை வகுப்பில் விளக்குவதற்குச் செலவு மிகுந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு ஸ்விட்ச், லினக்ஸ் இயங்கும் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கேபிள்கள் போதும். ஒரு கேபிளின் பிளக் அருகே மேலுறையை நீக்கிப் பழுப்பு ஜோடியை மட்டும் வெட்டிவிட வேண்டும். முதலில் நல்ல கேபிளையும், பின்னர் வெட்டிய கேபிளையும் பொருத்தி, விளக்கின் நிலையையும் ஈத்டூல் காட்டும் வேகத்தையும் கெர்னலின் குறிப்புகளையும் மாணவர்கள் பதிவு செய்யலாம். ஒரே கார்டு, ஒரே ஸ்விட்ச். மாறியது இரண்டு கம்பிகளே என்பதை அவர்கள் தாமே கண்டறிவர்.

களப்பணியாளர்கள் தம் பையில் நன்றாக இயங்குவதெனத் தெரிந்த கேபிள் ஒன்றை எப்போதும் வைத்திருத்தல் நலம். ஒவ்வொரு படியிலும் கண்டதைக் குறித்துக்கொண்டு, கேபிள், துளை, டிரைவர், உடன்பாடு, முகவரி என்ற வரிசையில் மேற்செல்ல வேண்டும். இவ்வளவும் செய்தபின், வேறொரு கம்ப்யூட்டரிலும் கார்டு இணைப்பைப் பெறவில்லையெனில் மட்டுமே அதனை மாற்றுதல் தகும்.