எரிபொருள் மீள்குழாய்க் கசிவு

எரிபொருள் மீள்குழாய்க் கசிவு என்பது டீசல் பொறியில் எரிக்கப்படாமல் எஞ்சும் எரிபொருளைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் குழாய்த் தொகுதியில் ஏற்படும் பழுது ஆகும். பட்டறைகளில் இக்குழாய் ரிட்டன் லைன் என்றும் ஓவர்ஃப்ளோ பைப் என்றும் அழைக்கப்படுகிறது. பொறி ஓடும்போது பழுதான இடத்தின் வழியே டீசல் வெளியே கசியும். பொறி நின்றிருக்கும்போது அதே இடத்தின் வழியே காற்று உள்ளே புகும். இவ்விரண்டில் இரண்டாவது விளைவே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. ஈரம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத வண்டி காலையில் எளிதில் இயங்காமல் இருப்பதற்கும், பழுதில்லாத விலையுயர்ந்த உறுப்புகள் வீணாக மாற்றப்படுவதற்கும் இது காரணமாகிறது.

பழைய டீசல் பொறிகள் பலவற்றில் இப்பழுது உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஃபோர்டு சரக்குந்துகளில் பொருத்தப்பட்ட 6.9 லிட்டர், 7.3 லிட்டர் பொறிகளில் இது மிகவும் அறியப்பட்டதாகும். இக்கட்டுரை அப்பொறிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பழுதை விளக்குகிறது.

பின்னணி

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் உருவாக்கிய 6.9 லிட்டர் டீசல் பொறி 1983ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைச் சரக்குந்துகளில் கிடைத்தது. இந்நிறுவனம் 1986இல் நேவிஸ்டார் எனப் பெயர் மாறியது. 1988ஆம் ஆண்டு மாதிரியில் பொறியின் கொள்ளளவு 7.3 லிட்டராக உயர்த்தப்பட்டது. 1994இல் முற்றிலும் வேறான நேரடி உட்செலுத்தல் பொறி இதன் இடத்தைப் பிடித்தது.

இவ்விரு பொறிகளும் V வடிவில் அமைந்த எட்டு உருளைகளைக் கொண்டவை. மறைமுக உட்செலுத்தல் முறையில் இயங்குபவை. அதாவது, டீசல் நேரடியாக உருளைக்குள் செலுத்தப்படாமல், உருளைத் தலையில் உள்ள ஒரு சிறு முன்னறையில் செலுத்தப்படும். குளிர்ந்த நிலையில் இயக்குவதற்கு ஒவ்வோர் உருளைக்கும் ஒரு முன்சூடேற்றி உண்டு. இது குளோ பிளக் எனப்படும். எரிபொருள் அளவையும் நேரத்தையும் கட்டுப்படுத்த மின்னணுக் கருவி எதுவும் முதன்மையாகத் தேவைப்படாத எளிய பொறிகள் ஆதலால், பல பத்தாண்டுகள் கடந்தும் இவை பயன்பாட்டில் உள்ளன.

எரிபொருள் ஏன் திரும்புகிறது

உட்செலுத்தி அல்லது இஞ்செக்டர் என்பது உயர் அழுத்தத்தில் வரும் டீசலை நுண்துளியாகத் தெளிக்கும் உறுப்பு ஆகும். அதனுள் ஓர் ஊசி, சுருள்வில்லின் விசையால் துளையை மூடியிருக்கும். டீசலின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் உயரும்போது ஊசி மேலெழும்பி வழிவிடும். ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியே இருக்கும். இவ்விடைவெளியில் சிறிதளவு டீசல் கசிந்து மேலேறுவது பழுதன்று. ஊசிக்கு உராய்வு நீக்கியாகப் பயன்படுவது அதுவே. ஆனால் அது வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் ஊசியின் பின்புறம் அழுத்தம் சேர்ந்து ஊசி எழும்புவது தடைப்படும். இந்த எச்ச டீசலைக் கொண்டு செல்வதே மீள்குழாயின் பணி.

உட்செலுத்து எக்கியின் கூட்டிலிருந்தும் டீசல் தொட்டிக்குத் திரும்புகிறது. இந்த ஓட்டம் எக்கியைக் குளிர்விக்கிறது. எரிபொருளுடன் வந்த காற்றுக் குமிழ்களையும் வெளியேற்றுகிறது.

அமைப்பு

இப்பொறிகளில் ஸ்டானடைன் நிறுவனத்தின் டிபி2 வகைச் சுழல் எக்கி, V பள்ளத்தின் முன்பகுதியில் மேலே அமைந்துள்ளது. ஒவ்வோர் உட்செலுத்தியின் தண்டைச் சுற்றியும் ஒரு சிறிய நெகிழி மூடி அழுத்திச் செருகப்பட்டிருக்கும். மூடிக்கும் தண்டுக்கும் இடையே இரண்டு ஓ-வளையங்கள் உண்டு. அடுத்தடுத்த மூடிகளைக் குட்டையான ரப்பர்க் குழாய்கள் இணைக்கின்றன. இரு பக்கத் தொடர்களும் எக்கியின் மீள்குழாயுடன் சேர்ந்து ஒரே குழாயாகித் தொட்டிக்குச் செல்கின்றன.

ஆக, 8 மூடிகள், 16 ஓ-வளையங்கள், அவற்றை இணைக்கும் குழாய்த் துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனைகள் எனக் காற்றுப் புகத்தக்க இடங்கள் முப்பதைத் தாண்டுகின்றன. இவற்றுள் ஒன்று பழுதானாலும் தொகுதி முழுவதும் பாதிக்கப்படும்.

கசிவின் விளைவு

பொறி ஓடும்போது மீள்குழாயினுள் சிறிதளவு மிகை அழுத்தம் இருக்கும். எனவே டீசல் வெளியே கசியும். பொறி நின்றதும் நிலைமை தலைகீழாகிறது. தொட்டி தாழ்வாகவும் பொறியின் மேற்பகுதி உயரமாகவும் இருப்பதால், குழாயில் உள்ள டீசல் தன் எடையால் தொட்டியை நோக்கி இழுக்கப்படும்.

இந்த இழுவிசையை எளிதாகக் கணக்கிடலாம். டீசலின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 840 கிலோகிராம். உயர வேறுபாடு 0.6 மீட்டர் எனக் கொண்டால், 840 × 9.8 × 0.6 = 4939 பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. குழாய் முழுவதும் காற்றுப் புகாதபடி இருந்தால் இவ்வளவு சிறிய விசையால் டீசலைக் கீழே இறக்க முடியாது. நீர் நிறைந்த உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் மூடினால் நீர் கீழே விழாமல் நிற்பது போன்றது இது. ஒரு வளையம் சுருங்கினாலும் விரலை எடுத்தது போலாகிவிடும். இரவு முழுவதும் காற்று மெல்லப் புகுந்து, டீசல் தொட்டிக்கு இறங்கிவிடும்.

காலையில் எக்கி சுழலும்போது டீசலுக்குப் பதிலாகக் காற்றைச் சந்திக்கிறது. ஒரு முறை உட்செலுத்தப்படும் டீசலின் பருமன் சில பத்துக் கன மில்லிமீட்டர்களே. அது ஏறத்தாழ ஒரு நீர்த்துளியின் அளவு. திரவம் எளிதில் சுருங்காது. காற்றோ சுருங்கும். ஆகவே உயர் அழுத்தக் குழாயில் ஒரு சிறு குமிழ் இருந்தாலும் எக்கியின் வேலை குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஊசி எழும்பத் தேவையான அழுத்தம் உருவாகாது.

காரணங்கள்

வெப்பமும் வயதும்: உருளைத் தலைக்கு அருகில் உள்ள ரப்பரும் நெகிழியும் ஒவ்வொரு நாளும் சூடேறிக் குளிர்கின்றன. காலப்போக்கில் குழாய் விறைப்பாகிறது. மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது.

எரிபொருளின் மாற்றம்: பழைய ஓ-வளையங்கள் பொதுவாக நைட்ரைல் ரப்பரால் ஆனவை. டீசலில் உள்ள நறுமணச் சேர்மங்கள் இந்த ரப்பரைச் சற்று உப்ப வைக்கும். ஐக்கிய அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கான டீசலில் கந்தகத்தின் அளவு 1993 அக்டோபரில் பத்து இலட்சத்தில் 500 பங்கு என்றும், 2006 முதல் படிப்படியாக 15 பங்கு என்றும் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் ஐதரசன் முறை நறுமணச் சேர்மங்களையும் ஓரளவு குறைக்கிறது. பல ஆண்டுகள் உப்பியிருந்து அந்நிலையிலேயே இறுகிப்போன வளையங்கள் புதிய எரிபொருளில் சுருங்கின. 1993இல் எரிபொருள் மாறியதும் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் கசிவு தோன்றியதற்கு இதுவே காரணம். எனவே கந்தகம் குறைந்ததால் ரப்பர் அரிக்கப்பட்டது என்ற கருத்து சரியன்று. இதற்கு மாறாக, உயிரி டீசல் நைட்ரைல் ரப்பரை மென்மையாக்கிச் சிதைக்கக்கூடியது.

அடைப்பு: மீள்குழாய் தொட்டிக்குச் செல்லும் வழியில் நசுங்கினாலோ அடைபட்டாலோ அழுத்தம் கூடி மூடிகள் கசியும். டிபி2 எக்கியின் உள்ளே உள்ள ஒரு நெகிழ் வளையம் வயதாகித் துகள்களாக உதிர்ந்து, எக்கியின் மீள்வாயில் அடைபடுவதும் உண்டு. அப்போது எக்கிக் கூட்டினுள் அழுத்தம் உயர்ந்து பொறியின் ஓட்டம் சீர்கெடும்.

அறிகுறிகள்

சில மணி நேரம் நின்ற வண்டியை இயக்க நெடுநேரம் சுழற்ற வேண்டியிருப்பது முதன்மை அறிகுறியாகும். இயங்கியதும் சில நொடிகள் தடுமாறி, பின் சீராக ஓடும். சூடான நிலையில் அணைத்து உடனே இயக்கினால் குறை தெரியாது. இந்த ஒழுங்கு முன்சூடேற்றி பழுதாகும்போதும் தோன்றுவதால், பலர் முதலில் முன்சூடேற்றிகளை மாற்றுகின்றனர். பிறகு மின்கலம், தொடக்க மோட்டார், இறுதியில் எக்கி என்று செலவு கூடிக்கொண்டே போகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரவில் வண்டியின் முன்பகுதி தாழ்ந்திருக்குமாறு சரிவில் நிறுத்த வேண்டும். தொட்டிக்கும் பொறிக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு குறைவதால் டீசல் இறங்குவதும் குறையும். மறுநாள் வண்டி எளிதில் இயங்கினால் ஐயம் காற்றுக் கசிவின் மீது திரும்ப வேண்டும். சரிவில் நிறுத்துவதால் முன்சூடேற்றியின் பழுது மறையாது.

இடத்தைக் கண்டறிதல்

முதலில் கசிவு ஊட்டும் பக்கத்திலா, திரும்பும் பக்கத்திலா என்று அறிய வேண்டும். இதற்கு டீசலைத் தாங்கும் ஒளிபுகு குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக எக்கிக்கு முன் இணைப்பர். பொறி ஓடும் நேரமெல்லாம் குமிழ்கள் வந்துகொண்டிருந்தால், தொட்டிக்கும் ஊட்டு எக்கிக்கும் இடைப்பட்ட உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறது என்று பொருள். இயக்கியவுடன் மட்டும் காற்று வந்து பின் தெளிந்துவிட்டால், மீள்குழாய்த் தொகுதியையே முதலில் ஐயுற வேண்டும்.

அடுத்து, உட்செலுத்திகளைச் சுற்றி நன்கு துடைத்து உலர்த்திவிட்டுப் பொறியைச் சில நிமிடங்கள் ஓட விட வேண்டும். மூடியின் அடியில் ஈரம் தோன்றினால் அங்கே வளையம் பழுதாகியுள்ளது. ஈரம் தோன்றாததாலேயே கசிவு இல்லை என்று முடிவு செய்யலாகாது. காற்று புகும் துளை டீசல் கசியாத அளவுக்கு நுண்ணியதாக இருக்கக்கூடும்.

சீர்செய்தல்

மூடிகள், ஓ-வளையங்கள், குழாய்கள், கவ்விகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே நிலையான தீர்வு. புதிய வளையங்களும் குழாயும் புளோரோகார்பன் ரப்பரால் ஆனவையாக இருப்பது நல்லது. டூபான்ட் நிறுவனம் 1957இல் வைட்டான் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இவ்வகை ரப்பர் வெப்பத்தையும் எரிபொருளையும் நன்கு தாங்கும்.

1. பொறி முழுவதும் குளிர்ந்த பின், உட்செலுத்திகளைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் நீக்க வேண்டும். ஊசியின் இடைவெளி மிகச் சிறியது ஆதலால் ஒரு மணல் துகளும் அதைக் கெடுக்கும்.

2. உயர் அழுத்தக் குழாய் உட்செலுத்தியின் உச்சியில் இணைவதால் அதைக் கழற்றினால்தான் மூடியை எடுக்க முடியும். கழற்றிய முனைகளை உடனே தூய மூடிகளால் அடைக்க வேண்டும்.

3. பழைய மூடியைச் சுழற்றியவாறு மேலே இழுத்து எடுத்து, இரு வளையங்களையும் நீக்கி, பள்ளங்களைத் துடைக்க வேண்டும். துருவோ கீறலோ இருந்தால் புதிய வளையமும் கசியும்.

4. புதிய வளையங்களைத் தூய எண்ணெயில் நனைத்துப் பொருத்த வேண்டும். உலர்ந்த வளையம் மூடியைச் செருகும்போது சுருண்டு கிழியும். புதுப்பித்த மறுநாளே கசிவு தோன்றுவதற்கு இதுவே பொதுவான காரணம்.

5. குழாய்த் துண்டுகளை இழுவிசை இல்லாத நீளத்தில் நேராக வெட்டிப் பொருத்த வேண்டும். கவ்வியை அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் அறுபடும்.

6. மீள்குழாய் தொட்டி வரை தடையின்றி உள்ளதா என்று பார்த்த பின், உயர் அழுத்தக் குழாய்களின் உட்செலுத்தி முனைகளைச் சற்றுத் தளர்வாக வைத்துத் தொடக்க மோட்டாரைச் சுழற்ற வேண்டும். குமிழற்ற டீசல் வந்ததும் சுழற்றுவதை நிறுத்தி, முனைகளை இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் 30 நொடிக்கு மேல் சுழற்றாமல், இடையே மோட்டார் குளிர நேரம் தர வேண்டும்.

பழுது மீண்டும் தோன்றுவது ஏன்

கசியும் ஒரு குழாயை மட்டும் மாற்றும்போது, அடுத்துள்ள மூடி அசைக்கப்படுகிறது. அம்மூடியின் வளையமும் அதே வயதுடையது, அதே அளவு இறுகியது. அசைக்காத வரை ஒட்டிக்கொண்டிருந்த அது, அசைத்ததும் கசியத் தொடங்குகிறது. இவ்வாறு கசிவு ஓர் உட்செலுத்தியிலிருந்து அடுத்ததற்கு நகர்வது போலத் தோன்றும். உண்மையில் ஒரே நாளில் பொருத்தப்பட்ட உறுப்புகள் ஒரே காலத்தில் ஆயுள் முடிகின்றன. ஒவ்வொன்றாக மாற்றுவது சிக்கனம் போலத் தெரிந்தாலும் அதே வேலையை எட்டு முறை செய்வதாக முடியும்.

பாதுகாப்பு

எளிதில் இயங்காத வண்டியில் ஈதர் தெளிப்பது இத்தகைய பொறிகளுக்குப் பெருந்தீங்கு. சூடான முன்சூடேற்றி ஈதரை உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கச் செய்யும். அதனால் முன்சூடேற்றியின் முனை உடையலாம், உந்துதண்டும் சேதமடையலாம்.

உயர் அழுத்தக் குழாயின் கசிவை ஒருபோதும் விரலால் தேடக்கூடாது. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் இது உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் காயமாகும். அட்டைத் துண்டைக் காட்டியே சோதிக்க வேண்டும்.

டீசல் பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றாது. எனினும் சூடான வெளியேற்றக் குழாயின் மீது தொடர்ந்து சொட்டினால் தீப்பற்றும். அது ரப்பர் உறுப்புகளையும் ஊற வைத்துக் கெடுக்கும். சாலையில் சிந்திய டீசல் பின்வரும் இருசக்கர வண்டிகளைச் சறுக்கி விழச் செய்யும். ஆகவே இயக்கத்தில் குறை தெரியாத வண்டியிலும் மீள்குழாய்க் கசிவைத் தள்ளிப் போடுவது ஏற்கத்தக்கதன்று.