வரம்பற்ற முடியாட்சியும் வேலூர்க் கோட்டையும்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவின் பல நாடுகளில் நிலவிய ஆட்சிமுறையை வரலாற்று நூல்கள் வரம்பற்ற முடியாட்சி என்று குறிக்கின்றன. மன்னன் மனம்போன போக்கில் ஆண்டான் என்பது இதன் பொருள் அன்று. சட்டம் இயற்றவும் வரி விதிக்கவும் படை திரட்டவும் அவன் வேறெந்த மன்றத்தின் இசைவையும் நாடவேண்டியதில்லை என்பதே பொருள். நாட்டின் உச்ச அதிகாரம் கூறுபோட முடியாதது என்று 1576-இல் எழுதிய ழான் போதன், மன்னன் கடவுளின் பதிலாள் என்று அடுத்த நூற்றாண்டில் போதித்த ஆயர் போசுவே ஆகியோர் இம்முறைக்குக் கொள்கை விளக்கம் தந்தனர். எனினும் கொள்கையின் பலத்தால் மட்டும் எந்த மன்னனும் நிலைத்ததில்லை. வரி யார் கை வழியாக வருகிறது, சிப்பாய்க்குச் சம்பளம் யார் கையிலிருந்து போகிறது என்னும் இரண்டு கேள்விகளே அரசனின் உண்மையான பலத்தை அளந்தன. இந்த உண்மையைப் பிரான்சின் வரலாற்றில் எவ்வளவு தெளிவாகக் காணலாமோ, அவ்வளவு தெளிவாக, இன்று தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர், ஆற்காட்டுப் பகுதியின் வரலாற்றிலும் காணலாம்.

1614-ஆம் ஆண்டில் இவ்விரு நிலங்களிலும் ஒரே கேள்வி எழுந்து, இரு வேறு விடைகளைப் பெற்றது. பிரான்சில் அப்போது பதின்மூன்றே வயதான பதின்மூன்றாம் லூயியின் பெயரால், குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று வகுப்பாரின் பேராளர்கள் கூடும் 'எஸ்டேட்ஸ் ஜெனரல்' என்னும் மன்றம் கூட்டப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கலைக்கப்பட்ட அம்மன்றம் பின்னர் 1789 வரை கூட்டப்படவே இல்லை. அதே 1614-இல், வேலூரைத் தன் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த விசயநகரப் பேரரசர் இரண்டாம் வெங்கடபதி இறந்தார். அவர் தம் வாரிசாக அறிவித்துச் சென்ற தமையன் மகன் சீரங்கனை, ஜக்கராயன் தலைமையிலான பிரபுக்கள் கூட்டம் சில மாதங்களுக்குள் வேலூர்க் கோட்டையில் சிறைப்படுத்தி, குடும்பத்தோடு கொன்றது. மற்றொரு பிரபுவான யாசம நாயக்கன் ராமதேவன் என்ற ஒரு சிறுவனை மட்டும் தப்புவித்தான். அச்சிறுவனுக்காக மூண்ட உள்நாட்டுப் போரில் மதுரை, செஞ்சி நாயக்கர்கள் ஒருபுறமும் தஞ்சை நாயக்கர் மறுபுறமும் நின்று, கல்லணைக்கு அருகே தோப்பூரில் மோதினார்கள்.

இக்கொலைக்குத் தனிமனிதரின் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. விசயநகர ஆட்சியின் அடித்தளமாக இருந்த நாயங்கர முறையில், பேரரசர் ஒரு நிலப்பகுதியின் வருவாயை நாயக்கருக்கு விட்டுக்கொடுப்பார். நாயக்கர் அந்த வருவாயிலிருந்து ஒரு படையை வைத்துக்கொண்டு, அழைத்தபோது அனுப்பவேண்டும். ஆகவே சிப்பாய் உண்ட சோறு நாயக்கருடையது, பேரரசருடையது அன்று. தன் கைக்கு நேரே வரும் வரியும் தன் சோற்றை உண்ணும் படையும் இல்லாத மன்னனுக்கு, எவ்வளவு அகன்ற அகழியும் எவ்வளவு உயர்ந்த கருங்கல் மதிலும் காவலாகா என்பதைச் சீரங்கனின் முடிவு காட்டியது.

பிரெஞ்சு மன்னர்களும் இதே இக்கட்டிலிருந்து தொடங்கியவர்களே. 1648 முதல் 1653 வரை நடந்த 'ஃபிரோந்து' கலகத்தில் பிரபுக்களும் பாரிசின் நீதிமன்றத்தாரும் எழுந்தபோது, சிறுவனான பதினான்காம் லூயி தலைநகரை விட்டு இரவில் வெளியேற நேர்ந்தது. 1661-இல் ஆட்சியைத் தாமே ஏற்ற அவர், தலைமை அமைச்சர் என்ற பதவியையே நிரப்பாமல் விட்டார். மாகாணங்களில் பிரபுக்களின் பட்டங்களைப் பறிக்காமல், அவர்களுக்குப் பக்கத்திலேயே 'அந்தாந்தான்' எனப்பட்ட அரசு மேற்பார்வையாளர்களை அமர்த்தி, வரியும் நீதியும் காவலும் அவர்கள் கண்காணிப்பில் நடக்கச் செய்தார். நிதியமைச்சர் கொல்பேர் வரிக் குத்தகைதாரர்களின் கணக்குகளைச் சோதித்து, வழியில் கசிந்துகொண்டிருந்த பணத்தைக் கருவூலத்துக்குத் திருப்பினார். 1682-இல் அரசவை வெர்சாய் அரண்மனைக்கு மாறியபின், முன்பு படையோடு எதிர்த்து நின்ற பிரபுக்கள் மன்னர் கண்ணில் படுவதற்காக அங்கே காத்துக்கிடந்தார்கள். அவருடைய படை 1690-களில் ஏட்டளவில் நான்கு லட்சம் பேரை எட்டியது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: பிரபுக்களை அடங்கியிருக்கச் செய்வதற்கு விலையாக, 'தாய்' என்னும் முதன்மையான நேர்வரியிலிருந்து அவர்களுக்கும் குருமார்களுக்கும் விலக்கு தொடர்ந்தது. அதனால் போர்களின் சுமை உழவன் தலையில் விழுந்தது; அவனால் தாங்க முடியாத பகுதி கடனாக நின்றது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. நாடாளுமன்றத்தை மீறி வரி தண்டிய முதலாம் சார்லசின் தலை 1649-இல் வெட்டப்பட்டது. நாடாளுமன்ற இசைவின்றி வரியும் இல்லை, அமைதிக்காலப் படையும் இல்லை என்று 1689-இன் உரிமைச் சட்டம் விதித்தது. இதனால் ஆங்கில அரசு வலுவிழந்தது என்று எண்ணுவது இயல்பு. நடந்ததோ அதற்கு நேர்மாறானது. கடன் கொடுத்தவர்கள் மன்னனின் சொல்லை நம்பவேண்டிய நிலை மாறி, நாடாளுமன்றத்தின் உறுதியை நம்பும் நிலை வந்ததாலும், 1694-இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டதாலும், காலப்போக்கில் அவ்வரசு பிரெஞ்சு மன்னரைக் காட்டிலும் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றது. வரம்புக்கு உட்பட்ட அரசால் வரம்பற்ற அரசை விட அதிகமாகச் செலவிட முடிந்த இந்த உண்மையே அடுத்த நூறாண்டுப் போர்களின் முடிவைப் பெருமளவு தீர்மானித்தது எனலாம். அப்போர்களின் ஒரு களம் ஆம்பூர்.

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில், ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கானை, அப்பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபும் ஐதராபாத் அரியணையைக் கோரிய முசாபர் ஜங்கும் புதுச்சேரிப் பிரெஞ்சுப் படையின் துணையோடு எதிர்த்தனர். யானைமேல் இருந்து போரிட்ட முதியவரான அன்வருத்தீன் சுடப்பட்டு இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார். சம்பளம் ஒழுங்காகப் பெற்று, ஒரே ஆணைக்குச் சுடப் பழகிய ஐரோப்பியக் காலாட்படையின் ஆற்றலை இத்தகைய போர்களில் கண்ட முகமது அலி, அப்படி ஒரு படையே தம்மைக் காக்கும் என்று நம்பினார். அந்தப் படை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தது.

வாலாஜா என்ற பட்டத்தால் அறியப்படும் முகமது அலி, ஒரு பொருளில், தென்னிந்தியாவில் வரம்பற்ற முடியாட்சியை நாடிய மன்னர். பாளையக்காரர்களை அடக்கவும், தஞ்சை அரசைத் தமக்குக் கீழ்ப்படுத்தவும், ஐதராபாத் நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுபடவும் அவர் விரும்பினார்; 1765-இல் முகலாயப் பேரரசரின் ஆணை ஒன்றால் அவ்விடுதலையையும் பெற்றார். ஆனால் அவருக்காகப் போரிட்ட படைக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. அந்தச் செலவைத் தவணை தவறாமல் ரொக்கமாகத் திருப்பித் தரவேண்டியிருந்தது. வரியோ அறுவடையை ஒட்டியே வரும். இடைவெளியை நிரப்ப, அதே கம்பெனியின் ஊழியர்களிடம், நூற்றுக்கு 20-க்கும் மேற்பட்ட வட்டிக்கு அவர் தனிக்கடன் வாங்கினார். ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். அதன்பின் களத்துமேட்டில் நெல்லை அளந்து எடுத்தவர் நவாபின் அமில்தார் (வரி அலுவலர்) என்று பெயர் பூண்டிருந்தாலும், அவருக்குப் பின்னால் நின்றவர் கடன்காரரே.

நவாபின் சேப்பாக்க அரண்மனையையும் ஆடம்பரத்தையும் சுட்டி, அவர் ஊதாரித்தனத்தால் அழிந்தார் என்று பலர் எழுதியிருக்கின்றனர். அது பாதி உண்மை மட்டுமே. பிறர் படையை வாடகைக்கு அமர்த்திய சிக்கனமான ஒரு மன்னனும் இதே குழியில் விழுந்திருப்பான். கடன்காரர்களின் வலிமையைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1773-இல் நவாபுக்காகக் கைப்பற்றப்பட்ட தஞ்சையை அதன் அரசருக்கே திருப்பித்தரும்படி இலண்டன் ஆணையிட்டது. 1776-இல் அதை நிறைவேற்றிய சென்னை ஆளுநர் பிகோட்டை, தஞ்சை வருவாயின் மேல் உரிமை கோரிய கடன்காரர்களுக்கு நெருக்கமான அவருடைய ஆலோசனைக் குழுவினரே சிறைப்பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். 1780-இல் மைசூரின் ஐதர் அலியின் படையெடுப்பால் ஆற்காட்டுச் சீமை பாழாகிப் பஞ்சம் சூழ்ந்தபோதும் வட்டிக் கணக்கு நிற்கவில்லை. அக்கடன்களைச் சரிபாராமல் ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷ் அரசைக் கண்டித்து 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். நவாபு ஆட்சி முடிந்தபின் அமைந்த விசாரணைக் குழு, எஞ்சிய கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது.

அதே ஆண்டுகளில் பிரான்சும் அதே நோயால் வாடியது. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் ஏறிய கடனுக்கு 1788-இல் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி சென்றுகொண்டிருந்தது; வரிவிலக்குப் பெற்றவர்கள் அதை விட்டுக்கொடுக்க மறுத்ததால், பதினாறாம் லூயி 174 ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட மன்றத்தை 1789 மே மாதத்தில் மீண்டும் கூட்டினார்; 1793 சனவரியில் கில்லட்டினில் உயிரிழந்தார். ஆற்காட்டில் இரத்தம் சிந்தாமலே முடிவு வந்தது: 1801 சூலையில் நவாபு உம்தத்துல் உமரா இறந்ததும், நாட்டை முழுதும் கம்பெனிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட இசைந்த ஒருவரே நவாபாக அமர்த்தப்பட்டார். அந்தப் பட்டமும் 1855-இல் வாரிசின்றி ஒழிந்தது. பிரெஞ்சு மக்கள் மன்னனிடமிருந்து பறித்த இறையாண்மையைத் தங்களுடையதாக அறிவித்தார்கள். பாலாற்றுப் படுகையின் உழவர்களுக்கோ வரி கேட்டு வந்தவரின் பெயர் மட்டுமே மாறியது.

சீரங்கன் மாண்ட வேலூர்க் கோட்டை, இதற்கிடையே அரச குடும்பங்களின் சிறையாக மாறியிருந்தது. 1799-இல் வீழ்ந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் அங்கே வைக்கப்பட்டனர். 1806 சூலை 10 அன்று எழுந்த சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்றி, அவர் மகன் பத்தே ஐதரை மன்னராக அறிவித்தது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்துக் கண்டியின் கடைசி மன்னர், மதுரை நாயக்கர் வழியினரான சீ விக்கிரம ராஜசிங்கன் கொண்டுவரப்பட்டார். தம்மை அரியணை ஏற்றிய சிங்களப் பிரபுக்களின் பிடியை உடைக்க அவர் எடுத்த முயற்சி, பதினான்காம் லூயி எடுத்ததிலிருந்து நோக்கத்தில் வேறுபட்டதன்று; ஆனால் கடற்கரை முழுவதும் ஆங்கிலேயர் வசம் இருந்ததால், பிரபுக்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. 1815 மார்ச் 2 அன்று அவர்கள் தங்கள் உரிமைகளைக் காக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு நாட்டை ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், கலகத்துக்குப் பின், அவ்வுரிமைகளும் வெட்டப்பட்டன. மன்னர் வேலூரிலேயே 16 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து 1832 சனவரி 30 அன்று இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் கல்லறை இருந்த இடத்தில் 1990-இல் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் எழுப்பியது.