மஞ்சள் இறங்காவிட்டால்: பித்தநீருக்கு வழிவிடும் சிறு குழாய்

"அப்பாவுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம். மூணு வாரமாச்சு, இன்னும் இறங்கல." நமது தோட்டங்களில் இப்பேச்சு இன்றும் காதில் விழுகிறது. மஞ்சட்காமாலைக்குக் காரணம் ஒன்றல்ல. கல்லீரலைத் தாக்கும் கிருமியாலும் வரும். எலிச் சிறுநீர்க் காய்ச்சலிலும் வரும். ஆனால் வயதானவருக்கு வலியில்லாமல் மஞ்சள் ஏறி, உடம்பெல்லாம் அரித்து, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பும் இளைத்தால், பித்தநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். பச்சிலையால் அந்த அடைப்பு திறக்காது.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது ஒரு மெல்லிய நாளத்தின் வழியே சிறுகுடலில் இறங்கி, கொழுப்பு செரிக்க உதவுகிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வெட்டிய கோட்டை ஒட்டுப்பால் அடைத்துக்கொண்டால், பால் மங்குக்கு வராமல் பட்டையில் வழிந்துவிடும் அல்லவா? அதுபோல, கணையத்திலோ நாளத்திலோ வளரும் புற்றுக்கட்டி வழியை நெருக்கினால், பித்தம் இரத்தத்தில் கலந்து கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகிறது.

கட்டியை வெட்டியெடுக்க முடியாதபோது, வாய்வழியாக வளையும் குழாய்க் கருவியைச் சிறுகுடல் வரை செலுத்தி, அடைப்பினுள் 'ஸ்டெண்ட்' என்னும் சிறு குழாயைப் பொருத்துகிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1979-இல் இம்முறைக்கு வழிகாட்டிய டாக்டர் நிப் சுஹெந்திரா, நமது அண்டை நாடான இந்தோனேசியாவில் பிறந்தவர்.

குழாய் இரு வகை. பிளாஸ்டிக் குழாய் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம். நழுவாமலிருக்க அதன் முனைகளில் சிறு மடல்களோ சுருளோ இருக்கும். விலை குறைவு. ஆனால் கிருமியும் கசடும் படிந்து, சுமார் 3 மாதத்தில் அடைத்துக்கொள்ளும், மாற்றியாக வேண்டும்.

மற்றது உலோகக் கம்பி வலை. மெல்லிய உறைக்குள் சுருக்கி உள்ளே கொண்டுபோய் விடுவித்தால், தானே 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரியும். வழி அகலமாக இருப்பதால் பிளாஸ்டிக்கை விட நெடுநாள் தாங்கும். வலைக்கண் வழியே கட்டி உள்ளே வளரக்கூடும். அதைத் தடுக்க மேலே மெல்லிய உறை போட்ட வலையும் உண்டு. அது சில சமயம் இடம் நழுவலாம். எது ஏற்றதென்று நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழாய் புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஆனால் மஞ்சள் இறங்கும், அரிப்பு தணியும், தூக்கம் வரும். புற்றுநோய் மருந்து ஏற்றவும் உடம்பு தயாராகும். நோயாளியின் மீதி நாட்களை நிம்மதியாக்குவதும் மருத்துவம்தான்.

வீட்டார் செய்ய வேண்டியது இதுதான். எந்த வகைக் குழாய், என்றைக்கு வைத்தது, எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, கண் மீண்டும் மஞ்சளானாலோ, "காய்ச்சல்தானே, ரெண்டு பனடோல் போட்டா போச்சு" என்று இருந்துவிடாதீர்கள். குழாய் அடைத்து, கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. இராத்திரியானாலும் சரி, சிரம்பானோ, கோலா பிலாவோ, போர்ட்டிக்சனோ, பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், "இவருக்குப் பித்தநாளத்தில் குழாய் வைத்திருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.