பெல்லட் கிரில்: நீடித்து உழைக்கும் அடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

பெல்லட் கிரில் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரித்து, அந்த வெப்பத்திலும் புகையிலும் இறைச்சி, மீன், காய்கறி முதலியவற்றைச் சமைக்கும் திறந்தவெளி அடுப்பு ஆகும். எரிபொருளாகும் அந்த உருளைகளுக்குப் பெல்லட் என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய இவ்வடுப்பு, இன்று அந்நாட்டிலும் கனடாவிலும் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் காணப்படுகிறது. இதன் விலை ஏறத்தாழ 400 அல்லது 500 டாலரில் தொடங்கி 2000 டாலருக்கு மேலும் செல்கிறது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் அடுப்பு மூன்றே ஆண்டுகளில் துருப்பிடித்துக் குப்பைக்குப் போவதும் உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் உழைப்பதும் உண்டு. இந்த வேறுபாடு எதனால் வருகிறது, அதை வாங்கும் முன்பே எப்படிக் கண்டறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

1970களில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிக்குப் பின், வீடுகளைச் சூடாக்க மரத்தூள் உருளைகளை எரிக்கும் கணப்படுப்புகள் அமெரிக்காவில் வரத் தொடங்கின. ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரில் வெப்பமூட்டும் கருவிகள் விற்றுவந்த ஜோ டிரேகர் என்பவர், அதே எரிபொருளைச் சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பை 1980களில் உருவாக்கினார். அதற்கு 1986இல் காப்புரிமை கிடைத்தது.

காப்புரிமை 2006இல் முடிவுற்றது. அதன் பிறகே மற்ற நிறுவனங்கள் பெருமளவில் இத்தொழிலில் இறங்கின. ஆகவே, சந்தையில் இன்று காணப்படும் பெயர்களில் பலவற்றுக்குப் பெல்லட் அடுப்பில் உள்ள அனுபவம் இருபதாண்டுகளுக்கும் குறைவானதே. ஒரு நிறுவனத்தின் வயதைக் கேட்கும்போது, அது பெல்லட் அடுப்பை எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறது என்று கேட்பதே பொருத்தமானது.

இயங்கும் முறை

நீடித்து உழைக்கும் அடுப்பை அறிய, அது எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அடுப்பின் பக்கவாட்டில் எரிபொருள் பெட்டி இருக்கும். அதன் அடியில் உள்ள திருகுத் தண்டு ஒரு சிறிய மின்மோட்டாரால் மெதுவாகச் சுழன்று, பெல்லட்டுகளை அடுப்பின் நடுவே உள்ள நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். கிண்ணத்தில் உள்ள பற்றவைக்கும் கம்பி மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்து, முதல் சில நிமிடங்களில் நெருப்பை மூட்டும். ஒரு விசிறி காற்றை ஊதி நெருப்பை வளர்த்து, வெப்பத்தையும் புகையையும் உள்ளே சுழலச் செய்யும். நெருப்பின் மேல் உள்ள தடுப்புத் தகடு, தீச்சுடர் உணவை நேராகத் தொடாமல் காக்கும். உருகி வடியும் கொழுப்பு சரிவான தட்டின் வழியே ஓடி, வெளியே தொங்கும் வாளியில் சேரும்.

இவை அனைத்தையும் கட்டுப்பாட்டுக் கருவி நடத்துகிறது. பழைய வகைக் கருவிகள், திருகுத் தண்டு இத்தனை விநாடி சுழல வேண்டும், இத்தனை விநாடி நிற்க வேண்டும் என்ற நிலையான கணக்கில் இயங்கும். இதனால் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 'பிஐடி' எனப்படும் வகைக் கருவி, உள்ளே உள்ள வெப்ப உணரி காட்டும் அளவை இடைவிடாமல் பார்த்து, எரிபொருளையும் காற்றையும் அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கும். காற்றும் குளிரும் மிகுந்த ஊர்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஆகவே பெல்லட் கிரில் பாதி அடுப்பு, பாதி இயந்திரம். கரி அடுப்பில் பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை. இதில் மோட்டார், விசிறி, கம்பி, உணரி, மின்பலகை ஆகிய ஐந்தில் ஒன்று நின்றாலும் சமையல் நின்றுவிடக்கூடும்.

பழுதானால் என்ன இழப்பு?

பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுப் பகுதி இறைச்சி, ஐந்தாறு கிலோ எடையில், 107 செல்சியஸ் (225 பாரன்ஹீட்) வெப்பத்தில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ வேகும். விருந்துக்காகப் பலர் இதை முன்னிரவில் வைத்துவிட்டு உறங்கச் செல்வர். நள்ளிரவில் நெருப்பு அணைந்தால், விடியும் வரை இறைச்சி இளஞ்சூட்டில் கிடக்கும். 4 முதல் 60 செல்சியஸ் வரை உள்ள வெப்பநிலையில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை எச்சரிக்கிறது. சில பத்து டாலர் விலையுள்ள ஒரு பாகம் பழுதானதால், அதைப் போல் பல மடங்கு விலையுள்ள உணவைக் கொட்ட நேரிடும். கொட்டாமல் பரிமாறினால் விருந்தினர் நோயுறக்கூடும்.

உடலின் வலிமை

அடுப்பின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அதன் தகடு. தகட்டின் தடிப்பு அமெரிக்காவில் கேஜ் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் குறையக் குறையத் தடிப்பு கூடும். எஃகில் 10 கேஜ் என்பது ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர், 14 கேஜ் 1.9 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர். தடித்த தகடு வெப்பத்தைத் தாங்கி நிற்கும், எளிதில் வளையாது. கான்சஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் நகரில் இயங்கும் யோடர் ஸ்மோக்கர்ஸ் நிறுவனத்தின் வொய்எஸ்640 வகை அடுப்பு 10 கேஜ் எஃகால் ஆனது. இத்தகைய அடுப்பு மிகவும் கனமானது. அடிக்கடி இடம் மாற்றுவோருக்கு ஏற்றதன்று.

அடுத்தது உலோகத்தின் வகை. வண்ணம் பூசிய சாதாரண எஃகு, பூச்சு உரியும் இடத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகிலும் வகைகள் உண்டு. 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 430 வகையில் குரோமியம் உண்டு, நிக்கல் அநேகமாக இல்லை. விலை குறைவு, கடற்காற்றில் துருப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். கடையிலேயே ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். 430 வகையில் காந்தம் நன்கு ஒட்டும். 304 வகையில் ஒட்டாது, அல்லது மிக மெலிதாகவே ஒட்டும்.

மூடியின் பளபளப்பைவிட உள்ளே உள்ள மூன்று பாகங்களின் உலோகம் முக்கியமானது. நெருப்புக் கிண்ணம், தடுப்புத் தகடு, கொழுப்பு வடியும் தட்டு ஆகியவையே நெருப்பையும் சாம்பலையும் நேரடியாகத் தாங்குகின்றன. வெளிப்புறம் எவர்சில்வராக மின்னும் அடுப்பில்கூட இவை மெல்லிய சாதாரணத் தகட்டால் ஆனவையாக இருக்கலாம்.

நம்பத்தக்க நிறுவனம்

பற்றவைக்கும் கம்பி, எத்தனை நல்ல அடுப்பிலும் ஒருநாள் எரிந்துபோகும். நெருப்புக் கிண்ணம் காலப்போக்கில் அரிக்கப்படும். எனவே நீடித்து உழைக்கும் அடுப்பு என்பதைப் பழுதே ஆகாத அடுப்பு என்று கொள்ளக் கூடாது. பழுதாகும் பாகத்தை வீட்டிலேயே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அந்தப் பாகத்தைப் பத்தாண்டு கழித்தும் நிறுவனம் விற்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்த அடுப்பே நீடித்து உழைக்கும்.

பெயர் பெற்ற நிறுவனம் என்பது மட்டும் இதற்குப் போதாது. 1950களிலிருந்து கரி அடுப்பு செய்துவரும் வெபர் நிறுவனம், ஸ்மோக்ஃபயர் என்ற பெல்லட் அடுப்பை 2020இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024இல் சியர்வுட் என்ற வேறொரு வரிசையை அறிமுகப்படுத்தியது. எந்த நிறுவனமும் வரிசைகளை மாற்றும். மாற்றிய பின் பழைய வரிசைக்குப் பாகம் கிடைக்குமா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

'அமெரிக்காவில் செய்யப்பட்டது' என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு. பொருளின் அனைத்துப் பகுதிகளும், அல்லது அநேகமாக அனைத்தும், அந்நாட்டிலேயே செய்யப்பட்டிருந்தால்தான் தனிக் குறிப்பு ஏதுமின்றி அவ்வாறு எழுதலாம் என்பது அங்குள்ள கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. 'அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது' என்பது வேறு பொருள் தரும் தொடர். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

உத்தரவாதத்தைப் படித்தல்

'10 ஆண்டு உத்தரவாதம்' என்ற பெரிய எழுத்தின் கீழ் சிறிய எழுத்துகள் இருக்கும். அந்தப் பத்தாண்டு உடல் தகட்டில் துளை விழுவதற்கு மட்டும் உரியதாக இருக்கலாம். மின் பாகங்களுக்கு அதைவிடக் குறைந்த காலமும், வண்ணப்பூச்சுக்கு உத்தரவாதமே இன்மையும் இயல்பு. ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே எத்தனை ஆண்டு என்று பார்க்க வேண்டும்.

1975ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் அமெரிக்காவில் வாங்குபவருக்குத் துணை நிற்கிறது. அதன்கீழ் அமைந்த விதிப்படி, 15 டாலருக்கு மேற்பட்ட பொருளின் எழுத்து உத்தரவாதத்தை வாங்கும் முன்பே படித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும். நிறுவனம் தன் பெயர் பொறித்த பாகத்தையே பயன்படுத்த வேண்டும், இல்லையேல் உத்தரவாதம் செல்லாது என்று பொதுவாக நிபந்தனை விதிக்கவும் முடியாது. இத்தகைய நிபந்தனைக்காகவே வெபர் நிறுவனத்தின் மீது அந்த ஆணையம் 2022இல் நடவடிக்கை எடுத்து, உத்தரவாத வாசகத்தைத் திருத்தச் செய்தது.

அமெரிக்காவில் விற்கப்படும் அடுப்புகள் 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை. நாடு திரும்பும்போது அவற்றை 230 வோல்ட் உள்ள இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவந்து நேரடியாகச் செருகினால் கருவி எரிந்துவிடும்.

எரிபொருளும் பராமரிப்பும்

நல்ல அடுப்பையும் ஈரமான பெல்லட் கெடுத்துவிடும். பெல்லட் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் இளகிப் பசைபோல் பிணைப்பதால் அது உருளையாக நிற்கிறது. நீர் பட்டால் ஊதி, உதிர்ந்து, மீண்டும் மரத்தூளாகிவிடும். அத்தூள் திருகுத் தண்டில் இறுகினால் மோட்டார் சுழலாது. எனவே பெல்லட்டை மூடியுள்ள வாளியில் வைக்க வேண்டும்; பல நாள் சமைக்காவிட்டால் எரிபொருள் பெட்டியைக் காலி செய்ய வேண்டும்.

குறைந்த வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு கிலோ வரை பெல்லட் எரியும். 12 மணி நேரச் சமையலுக்கு 6 முதல் 12 கிலோ வரை தேவைப்படலாம். பெட்டியின் கொள்ளளவை இக்கணக்கோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். 10 கிலோ எரிந்தால், 1 விழுக்காடு என்று கொண்டாலும், 100 கிராம் சாம்பல் சேரும். அதை அகற்றாவிட்டால் கிண்ணத்தின் காற்றுத் துளைகள் அடைபட்டு நெருப்பு அணையும். அணைந்த பின்னும் திருகுத் தண்டு பெல்லட்டைத் தள்ளிக்கொண்டிருந்தால் கிண்ணம் நிரம்பி வழியும். அந்நிலையில் அப்படியே மீண்டும் பற்றவைப்பது ஆபத்தானது. அடுப்பை ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

மின்செருகியைச் சட்டெனப் பிடுங்கி அணைப்பதும் தவறு. நெருப்பு திருகுத் தண்டின் வழியே எரிபொருள் பெட்டிக்குப் பின்னேறக்கூடும். அணைக்கும் பொத்தானை அழுத்தி, கிண்ணத்தில் உள்ளது எரிந்து முடியும் வரை விசிறியை ஓடவிட வேண்டும். அறைகளைச் சூடாக்க விற்கும் பெல்லட்டுகளைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உண்டாவதால் மூடிய இடத்திலும் இவ்வடுப்பை எரிக்கக் கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. பற்றவைக்கும் கம்பி, விசிறி, மோட்டார், வெப்ப உணரி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய ஐந்தின் விலை என்ன? அவை இன்று கையிருப்பில் உள்ளனவா?
2. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் விற்ற பழைய வரிசைக்கு இப்போது பாகம் கிடைக்கிறதா?
3. கம்பியை மாற்ற எத்தனை திருகாணிகளைக் கழற்ற வேண்டும்? கையேட்டில் பாகங்களின் பிரித்த படம் உள்ளதா?
4. நெருப்புக் கிண்ணமும் தடுப்புத் தகடும் எந்த உலோகத்தால் ஆனவை?
5. உத்தரவாதம் ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை ஆண்டு?
6. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அந்த வகை அடுப்பு திரும்பப் பெறப்பட்டதாக உள்ளதா?

இவற்றைப் பணம் கட்டும் முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் அழைத்துக் கேட்கலாம். வாங்காத ஒருவருக்குப் பொறுமையாகவும் சரியாகவும் விடை சொல்லும் நிறுவனம், வாங்கியவருக்கும் அவ்வாறு சொல்ல வாய்ப்பு உண்டு. வாங்கும் முன்பே விடை கிடைக்காத இடத்தில், அடுப்பு நின்றுபோன நாளில் உதவி கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.