நீர்க்கட்டிதானா? ஸ்கேன் படத்தின் வெண்மை சொல்வதும் சொல்லாததும்

மூளையில் நீர்க்கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்து, ஆபரேஷனுக்குச் சம்மதமா இல்லையா என்பதை ஆவணி பிறப்பதற்குள் தெரிவிக்கும்படி மருத்துவர் தவணை கொடுத்திருக்கும் குடும்பங்களிலிருந்து, ஸ்ரீரங்கத்திலும் திருச்சி நகரத்திலுமாக நமக்கு வந்துள்ள கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகத்தையே எழுப்புகின்றன: முதல் ஸ்கேனில் ‘அரக்னாய்டு’ என்றவர்கள் இரண்டாவதில் ‘எபிடெர்மாய்டு’ என்கிறார்களே, எதை நம்புவது?

இரண்டும் புற்றுநோய் வகையைச் சேர்ந்தவை அல்ல. முன்னதில் இருப்பது மூளையைச் சூழ்ந்த அதே தெளிந்த திரவம். பின்னதிலோ, கருவில் வழிதவறித் தங்கிவிட்ட தோல் செல்கள் காலமெல்லாம் உதிர்த்த செதில்கள் அடைந்து கிடக்கின்றன. முன்னதைப் பெரும்பாலும் தொடாமலே விட்டுவிடலாம்; பின்னது மெல்ல வளர்ந்து நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் சூழ்ந்துகொள்ளும் சுபாவமுடையது. ஆயினும் சாதாரண எம்.ஆர்.ஐ. படங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறமாகவே தோன்றுகின்றன.

இங்கேதான் ‘டிஃப்யூஷன்’ என்னும் உபாயம் பிரவேசிக்கிறது. 1965இல் ஸ்டெஸ்கல், டானர் என்ற இருவர் வகுத்த முறைப்படி, முதலில் ஒரு காந்தச் சரிவைக் கொடுத்து ஒவ்வொரு நீர்த்துகளுக்கும் அது நிற்கும் இடத்துக்கேற்ப ஓர் அடையாளமிட்டு, சிறிது நேரம் கழித்து அந்த அடையாளத்தை அழிக்கவல்ல இரண்டாவது சரிவைக் கொடுத்தால், நின்ற இடத்திலேயே நின்ற துகளின் அடையாளம் முற்றிலும் அழிந்து அதன் ஒலி முழுமையாகக் கேட்கும். இடம்பெயர்ந்த துகள்களின் அடையாளம் குறையாக எஞ்சி, அவற்றின் ஒலிகள் ஒன்றையொன்று மாய்த்துக்கொள்ளும். ஒலி ஓங்கிய இடம் படத்தில் வெளுத்தும், ஓய்ந்த இடம் கறுத்தும் தோன்றும். வெறிச்சோடிய காவிரி மணலில் நடப்பவரைப் போலத் தெளிந்த திரவத்தில் நீர் தடையின்றிச் சஞ்சரிப்பதால் அரக்னாய்டு கட்டி கறுத்தும், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அகப்பட்டவரைப் போலச் செதில்களுக்கிடையே நீர் நெருக்குண்டு கிடப்பதால் எபிடெர்மாய்டு வெளுத்தும் தெரிகின்றன.

இதன் சாமர்த்தியம் என்னை வியக்கவைக்கிறது. ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அந்தப் படத்தின் வெண்மை, நீரின் சலனத்தை மட்டும் சொல்வதில்லை. ‘டி2’ என்னும் இயல்பான பிரகாசமும் அதில் ஊடுருவி நிற்கிறது. எபிடெர்மாய்டின் வெண்மையிலும் பெரும்பங்கு இப்படி ஊடுருவிய ஒளியே. ஆகவே அந்தச் சரிவை இரண்டு பலங்களில் கொடுத்துப் படமெடுத்து, சலனத்தை மட்டும் கணக்கிட்டுப் பிரித்துக் காட்டும் ‘ஏ.டி.சி.’ வரைபடத்தையும் பார்க்காமல் ‘வெண்மை உண்டு’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை நான் பாதி சாட்சியமாகவே கொள்வேன். சீழ்க்கட்டியும் டிஃப்யூஷன் படத்தில் வெளுத்தே தெரியும்; ஆனால் ஏ.டி.சி. படத்தில் அது நன்றாகக் கறுக்க, எபிடெர்மாய்டோ மூளைத் திசுவை ஒத்தே நிற்கும்.

‘அதிநவீனம்’ என்று விளம்பரங்களும் அரசாங்க அறிவிப்புகளும் கொண்டாடுவது பெரும்பாலும் காந்தத்தின் பலத்தையே. 1.5 டெஸ்லாவே இந்த நிர்ணயத்துக்குப் போதும். எந்தப் படவரிசைகள் எடுக்கப்பட்டன என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கருவியின் புதுமை மட்டுமே முடிவைத் தருவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம்: வலிப்புடன் வரும் நோயாளியின் சிறிய கட்டி காசநோயா, நாடாப்புழுவின் கூடா என்று பிரித்தறிய வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட, 20 மில்லிமீட்டர் அளவை ஒரு வரம்பாகக் கொண்ட நியதிகள், நோயாளியின் அறிகுறிகளையும் வெறும் சி.டி. ஸ்கேனையும் கொண்டே வகுக்கப்பட்டவை.

இனிச் சில சில்லறைக் கேள்விகள். சைவ உணவினருக்கு நாடாப்புழுக் கட்டி வருமா? வரும். மூளைக்குச் செல்வது மாமிசத்திலுள்ள புழு அன்று, மனித மலத்தால் அசுத்தமான நீரிலும் கழுவாத கீரையிலும் கலந்த அதன் முட்டை. பன்றி மாமிசத்தைத் தொடாத நியூயார்க் யூதர்களிடமே இந்நோய் கண்டறியப்பட்டு 1992இல் பிரசுரமாயிற்று. கதிர்வீச்சு உண்டா? எம்.ஆர்.ஐ.யில் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள்? முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பழைய படங்கள்? குறுந்தகட்டில் கேட்டு வாங்கி, மறுபடி போகும்போது கையோடு கொண்டுசெல்லுங்கள்.